43 விகலை: கோள்களின் பாதை ஈர்ப்பு விதியைச் சோதித்த வரலாறு

 

நம் பள்ளிவாசல்களின் சுவர்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். வரவிருக்கும் ரமளான் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்குமான இஃப்தார் நேரம் பல மாதங்களுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. இனி மறையப்போகும் சூரியன் எந்த நிமிடத்தில் மறையும் என்பதை இன்றே எழுதிவைக்க முடிகிறது. அப்படியென்றால், விண்பொருள்கள் செல்லும் பாதையை மனிதன் கணக்காக வடித்து வைத்திருக்கிறான் என்று பொருள். அந்தக் கணக்கு வடிவத்தையே அறிஞர்கள் ‘மாதிரி’ என்று அழைக்கின்றனர்.

இம்மாதிரிகள் நேரத்தைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. பொருள்கள் ஒன்றையொன்று எந்த விதிப்படி ஈர்க்கின்றன என்று மனிதன் முன்வைத்த கோட்பாடுகளை உரசிப் பார்க்கும் உரைகல்லாகவும் அவை விளங்கின. கணக்கு சொன்ன இடத்தில் கோள் இல்லையென்றால், பிழை நான்கு இடங்களில் ஒன்றில் இருக்க வேண்டும். கண்ணால் கண்டு அளந்த அளவு தவறாக இருக்கலாம். கணக்குப் போட்ட முறை தவறாக இருக்கலாம். நாம் அறியாத பொருள் ஒன்று விண்ணில் இருக்கலாம். அல்லது, நாம் நம்பியிருக்கும் விதியே தவறாக இருக்கலாம். வேறுபாடு நம் கண்முன் வந்து நிற்கும்போது, தான் இந்நான்கில் எதைச் சேர்ந்தது என்று அது சொல்வதில்லை. அதைக் கண்டறிய அறிஞர்கள் பட்ட பாட்டின் வரலாற்றையே இங்கு நாம் காணவிருக்கிறோம்.

ஈர்ப்பு விதிக்கு முன்பு

முஸ்லிம் வானியல் அறிஞர்களிடம் ஈர்ப்பு விசை பற்றிய கணிதக் கோட்பாடு இருக்கவில்லை. ‘எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர்’ என்று மிகைப்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்கள் உண்மையில் செய்ததே போதிய பெருமையுடையது. கணக்குக்கும் வானத்துக்கும் இடையிலான சிறு வேறுபாட்டையும் புறந்தள்ளாமல் பதிவு செய்யும் ஒழுக்கத்தை அவர்கள் வளர்த்தனர்.

சூரியன் பூமிக்கு மிகத் தொலைவில் தோன்றும் இடம் வான்வட்டத்தில் 65 பாகை 30 கலையில் நிலையாக இருக்கிறது என்பது கிரேக்க அறிஞர் தாலமியின் கூற்று. ரக்கா நகரில் வானை ஆராய்ந்த அல்-பத்தானீ (மறைவு கி.பி. 929) தாமே அளந்து பார்த்தபோது அது 82 பாகை 17 கலையில் இருந்தது. நிலையானது என்று கருதப்பட்டது நகர்ந்திருந்தது. இந்நகர்வில் ஒரு பங்கு உண்மையான நகர்வன்று. நாம் அளக்கத் தொடங்கும் புள்ளியே மெல்ல நகர்வதால் உண்டாகும் தோற்றம். இதனை அயனசலனம் என்பர். அந்தலுஸ் நாட்டின் அஸ்-ஸர்காலீ (மறைவு கி.பி. 1100) பல்லாண்டுகள் சூரியனை ஆராய்ந்து, அயனசலனத்தைக் கழித்த பின்னும் ஆண்டுக்குச் சுமார் 12 அல்லது 13 விகலை மிஞ்சுகிறது என்று காட்டினார். இன்றைய அளவு 12 விகலைக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாகையில் 60 கலைகள், ஒரு கலையில் 60 விகலைகள் என்பதை நினைவிற்கொண்டால், தொலைநோக்கி இல்லாத காலத்தில் இது எத்தகைய சாதனை என்பது விளங்கும். அளந்ததிலிருந்து அறிந்ததைக் கழித்து, மிஞ்சியதைப் பாதுகாக்கும் இதே வழிமுறை 800 ஆண்டுகளுக்குப் பின் புதன் கோளின் வரலாற்றில் மீண்டும் வருவதை வாசகர்கள் காண்பார்கள்.

இப்னுல் ஹைதம், தாலமியின் மாதிரிகளில் உள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார். அதன் பெயரே ‘தாலமியின் மீதான ஐயங்கள்’ என்று பொருள்படும். திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் ‘முவக்கித்’ பொறுப்பிலிருந்த இப்னுஷ் ஷாதிர் (மறைவு கி.பி. 1375) தாலமியின் நிலவு மாதிரியைத் திருத்தினார். அந்தப் பழைய மாதிரி சரியென்றால், அரைநிலா நாள்களில் நிலவு ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை என்பதை எவரும் அறிவர். இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அளவும் பொருந்த வேண்டும் என்றார். 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கசின் நூலில் காணப்படும் நிலவு மாதிரி, கணித அமைப்பில் இப்னுஷ் ஷாதிருடையதை ஒத்திருக்கிறது.

ஓர் உரைகல் உருவாகிறது

கெப்ளர் செவ்வாய்க் கோளின் பாதையை வட்டமாக வைத்துக் கணக்கிட்டபோது, டைக்கோ பிராகியின் அளவீடுகளுக்கும் அவர் கணக்குக்கும் 8 கலை வேறுபாடு வந்தது. வேறொருவர் அளந்த அளவின் மீது அவர் வைத்த நம்பிக்கையே அவரை அந்த வட்டத்தைக் கைவிடச் செய்தது. கோள்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்னும் உண்மை அந்த 8 கலையிலிருந்து பிறந்தது.

1687இல் நியூட்டன் தம் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். இதனை எதிர் இருமடி விதி என்பர். இவ்விதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சூரியனும் ஒரே ஒரு கோளும் மட்டும் இருந்தால், அக்கோளின் நீள்வட்டம் என்றென்றும் ஒரே திசையை நோக்கி நிற்கும். விதி சிறிது பிறழ்ந்தாலும் அந்த நீள்வட்டமே மெல்லத் திரும்பத் தொடங்கும். ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாத அத்திருப்பம் நூறாண்டில் சேர்ந்து சேர்ந்து அளக்கக்கூடியதாகிவிடும். ஆகவே நீள்வட்டத்தின் திருப்பம், விதியை எடைபோடும் நுண்ணிய தராசாயிற்று.

முதற் சோதனை: பிழை கணக்கில் இருந்தது

நிலவின் நீள்வட்டம் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்றுத் திரும்பிவிடுகிறது. சூரியனின் ஈர்ப்பு குறுக்கிடுவதே காரணம் என்று கருதிப் பிரெஞ்சு அறிஞர் கிளேரோ கணக்கிட்டார். விடை, காணப்பட்ட திருப்பத்தில் பாதிதான் வந்தது. அக்காலத்தின் மாபெரும் கணித மேதைகளான ஆய்லருக்கும் தலம்பேருக்கும் அதே பாதியே கிடைத்தது. எனவே 1747இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில், நியூட்டனின் விதியோடு இன்னோர் உறுப்பைச் சேர்க்க வேண்டும் என்று கிளேரோ அறிவித்தார்.

ஆனால் அவர் ஆய்வை நிறுத்தவில்லை. சிறியவை என்று தாம் முன்பு விட்டுவிட்ட உறுப்புகளையும் சேர்த்துக் கணக்கை மேலும் ஆழமாகச் செய்தார். விடுபட்ட பாதி அங்கே கிடைத்தது. 1749இல் தம் முந்தைய அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றார். விதி பிழைக்கவில்லை, கணக்குதான் அரைகுறையாக இருந்தது. மூன்று பேரறிஞர்கள் ஒரே விடைக்கு வந்துவிட்டதால் அது சரியாகிவிடவில்லை. மூவரும் ஒரே குறுக்கு வழியில் சென்றிருந்தனர் என்பதே உண்மை.

இரண்டாம் சோதனை: காணாத கோள் ஒன்று இருந்தது

1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். 1821இல் பூவார் என்பவர் அதன் பாதைக்கு அட்டவணை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே அக்கோள் அட்டவணையை விட்டு விலகிச் செல்லத் தொடங்கியது. அத்தனை தொலைவில் நியூட்டனின் விதி மாறுபடுகிறதோ என்னும் ஐயமும் எழுந்தது.

பிரான்சில் லெ வெரியேயும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் வேறு வழியில் சிந்தித்தனர். விதி சரியே, அப்பால் இன்னொரு கோள் இருந்து யுரேனசை இழுக்கிறது என்று கொண்டு, அது எங்கே இருக்க வேண்டும் எனக் கணக்கிட்டனர். 1846 செப்டம்பர் 23 அன்று இரவு, லெ வெரியே எழுதி அனுப்பிய இடத்தை நோக்கிப் பெர்லின் வானாய்வகத்தில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூன் கோள் நின்றுகொண்டிருந்தது. காகிதத்தில் எழுதிய கணக்கு, கண்காணாத கோளைக் காட்டிக்கொடுத்தது. நியூட்டனின் விதியை ஐயுறுவதற்கு இனி இடமில்லை என்றே பலரும் கருதினர்.

மூன்றாம் சோதனை: விதியே போதவில்லை

பெரும் வெற்றிக்குப் பின் வரும் சோதனை கடுமையானது. அதே லெ வெரியே அடுத்துப் புதன் கோளை ஆராய்ந்தார். சூரிய வட்டத்தின் குறுக்கே புதன் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லும் நேரங்கள் 1697 முதல் பதிவாகியிருந்தன. அவற்றைக் கொண்டு 1859இல் ஒரு முடிவுக்கு வந்தார்: மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், புதனின் நீள்வட்டம் நூறாண்டுக்கு 38 விகலை கூடுதலாகத் திரும்புகிறது. 1882இல் அமெரிக்க அறிஞர் நியூகோம்ப் அதனை 43 விகலை என்று திருத்தினார்.

இது எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள். பூமியிலிருந்து காணும்போது புதனின் நீள்வட்டம் நூறாண்டில் சுமார் 5,600 விகலை திரும்புகிறது. அதில் சுமார் 5,025 விகலை அயனசலனத்தால் வரும் தோற்றம். வெள்ளி, வியாழன், பூமி முதலிய கோள்களின் இழுப்பு சுமார் 532 விகலை. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 43. முழுநிலவின் அகலத்தை நாற்பது பங்காக்கினால் ஏறத்தாழ ஒரு பங்கு. அதுவும் நூறாண்டு காலத்தில் சேர்ந்தது! ‘இவ்வளவு சிறியதைப் பொருட்படுத்த வேண்டுமா?’ என்று எவரேனும் அதைத் தள்ளியிருந்தால், உலகம் அவரைக் குறை கூறியிருக்காது.

லெ வெரியே அதைத் தள்ளவில்லை. ஆனால் முன்பு வெற்றி தந்த அதே விளக்கத்தை மீண்டும் கையில் எடுத்தார். புதனுக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு கோளோ, சிறு பொருள்களின் கூட்டமோ இருக்க வேண்டும் என்றார். சூரியனின் குறுக்கே ஒரு கரும்புள்ளி கடந்ததைத் தாம் கண்டதாக லெஸ்கார்போ என்னும் நாட்டுப்புற மருத்துவர் எழுதினார். லெ வெரியே நேரில் சென்று அவரைக் குறுக்கு விசாரணை செய்து, அச்சாட்சியை ஏற்றார். காணாத அக்கோளுக்கு ‘வல்கன்’ என்று பெயரும் வந்துவிட்டது. அதே வேளையில் பிரேசில் நாட்டிலிருந்து சூரியனை நோக்கிக்கொண்டிருந்த லியே என்னும் வானியலாளர், அப்படியொரு புள்ளியை நான் காணவில்லை என்றார். ஒரு சாட்சிக்கு எதிராக இன்னொரு சாட்சி இருந்தும், உலகம் விரும்பியது முதற் சாட்சியைத்தான்.

1877 மார்ச்சில் வல்கன் சூரியனைக் கடக்கக்கூடும் என்று லெ வெரியே கணித்தார். எவரும் எதையும் காணவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று, நெப்டியூன் கிடைத்த அதே தேதியில், அவர் மறைந்தார். 1878ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தின்போது வாட்சன், ஸ்விஃப்ட் என்னும் இருவர் வல்கனைக் கண்டதாக அறிவித்தனர். இருவர் சொன்ன இடங்களும் பொருந்தவில்லை. அவர்கள் கண்டவை முன்பே அறிந்த விண்மீன்கள்தாம் என்று பிறர் எடுத்துக்காட்டினர். வல்கன் என்னும் கோள் இல்லவே இல்லை.

வேறு சிலர் விதியைத் திருத்த முயன்றனர். ஈர்ப்பு விதியில் வரும் அடுக்கு எண் 2 அன்று, 2.00000016 என்று வைத்தால் புதனின் கணக்கு சரியாகிவிடும் என்று 1894இல் ஹால் என்பவர் காட்டினார். ஆனால் அதே எண்ணை நிலவுக்குப் பொருத்தியபோது, நிலவின் பாதை அதை மறுத்துவிட்டது. ஓரிடத்து ஓட்டையை அடைக்க வெட்டிய துண்டு, இன்னோரிடத்தில் ஓட்டையை உண்டாக்கியது.

1915 நவம்பர்

ஐன்ஸ்டீன் ஈர்ப்பைப் பற்றிப் புதிய கோட்பாட்டைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், புதனின் பாதையைத் தமக்குத் தாமே உரைகல்லாக வைத்துக்கொண்டார். 1913இல் தம் நண்பர் பெஸ்ஸோவுடன் சேர்ந்து, அப்போது தம்மிடமிருந்த கோட்பாட்டை அதில் உரசிப் பார்த்தார். 43 வர வேண்டிய இடத்தில் 18 வந்தது. அக்காலத்தில் நார்ட்ஸ்ட்ரோம் என்னும் அறிஞர் உருவாக்கிய வேறொரு கோட்பாடோ நீள்வட்டம் எதிர்த்திசையில் திரும்பும் என்றது.

1915 நவம்பர் 18 அன்று, திருத்தப்பட்ட தம் கோட்பாட்டின் விடையை ஐன்ஸ்டீன் பெர்லின் அறிவியல் கழகத்தில் வாசித்தார்: நூறாண்டுக்கு 43 விகலை. வல்கனைப் போல் புதிய கோள் எதையும் அவர் சேர்க்கவில்லை. ஹாலைப் போல் விடைக்கு ஏற்ற எண்ணையும் தேடிப் பொருத்தவில்லை. நிறையுள்ள பொருள் தன்னைச் சூழ்ந்த காலத்தையும் வெளியையும் வளைக்கிறது என்னும் அடிப்படையிலிருந்து அவ்விடை தானே வந்தது. சூரியனுக்கு மிக அண்மையில், மிக நீண்ட வட்டத்தில் சுழல்வதால் புதனிடம் அது தெளிவாகத் தெரிந்தது. அதே கோட்பாட்டின்படி வெள்ளிக்குச் சுமார் 8.6, பூமிக்குச் சுமார் 3.8 விகலைதான். தாம் சில நாள்கள் மகிழ்ச்சியில் தம்மை மறந்திருந்ததாகப் பின்னர் அவர் நண்பருக்கு எழுதினார்.

நியூட்டனின் விதி குப்பையில் எறியப்பட்டதா என்றால், இல்லை. இன்றும் அன்றாடக் கணக்குகளுக்கு அது போதுமானது. அதன் எல்லை எதுவென்று தெரிந்துவிட்டது, அவ்வளவே.

சோதனை முடிந்துவிடவில்லை

புதிய கோட்பாட்டையும் எவரும் கண்ணை மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. சூரியன் சற்றுத் தட்டையாக இருந்தால், அந்த 43இல் பத்தில் ஒரு பங்கு அதனாலேயே வரக்கூடும். அப்போது ஐன்ஸ்டீனின் கணக்கு பிழைத்துவிடும் என்று 1960களில் டிக் என்னும் அறிஞர் வாதிட்டார். பின்வந்த நுண்ணிய அளவீடுகள் சூரியன் அவ்வளவு தட்டையானதன்று என்று காட்டின. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட கண்ணாடிகளின் மீது லேசர் ஒளியைச் செலுத்தி, அதன் தொலைவைச் சென்டிமீட்டர் அளவுக்கு அளக்கின்றனர். 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலத்தின் தரவுகளும் அக்கோளின் பாதையை மேலும் துல்லியமாக்கின. 2020இல், பால்வெளியின் நடுவிலுள்ள பெரும் கருந்துளையை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் எஸ்2 என்னும் விண்மீனின் பாதையிலும் அதே திருப்பம் காணப்பட்டதாக அறிவித்தனர். ஒரு சுற்றுக்குச் சுமார் 12 கலை!

இன்று விண்மீன் மண்டலங்களின் வெளி விளிம்பில் உள்ள விண்மீன்கள், கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் ஈர்ப்புக்கு மீறிய வேகத்தில் சுற்றுகின்றன. காணாத ‘கரும்பொருள்’ இருக்கிறது என்கின்றனர் பெரும்பாலோர். ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று 1983இல் மில்க்ரோம் கூறினார். இது நெப்டியூனா, வல்கனா? அதே பழைய வினா, புதிய உருவில் நிற்கிறது.

நமக்கு இதில் என்ன?

சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படி இயங்குகின்றன என்று திருமறை நமக்கு அறிவிக்கிறது. சிந்திக்குமாறும் தூண்டுகிறது. ஆனால் அந்தக் கணக்கைப் பற்றி மனிதன் எழுதிய ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டுக்கு இறைவசனம் முத்திரை குத்துகிறது என்று நாம் சொல்லிவிடக் கூடாது. ‘அறிவியல் இன்று கண்டுபிடித்ததைத் திருமறை அன்றே சொன்னது’ என்னும் செய்திகள் நம் குடும்பங்களின் கைப்பேசிகளில் நாள்தோறும் வலம் வருகின்றன. நெப்டியூன் கிடைத்த 1846இல் ஒருவர், ‘நியூட்டனின் விதியைத்தான் இவ்வசனம் கூறுகிறது’ என்று மேடையேறிப் பேசியிருந்தால், 1915இல் அந்த 43 விகலை எதன் மீது விழுந்திருக்கும்? நியூட்டனின் மீதா, பிள்ளைகளின் ஈமானின் மீதா? அசையக்கூடிய முளையில் அசையாத ஒன்றைக் கட்டிவைப்பது அன்பினால் செய்தாலும் அறியாமையே.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். அப்பேச்சு நபியவர்களின் மதிப்பை மக்கள் கண்களில் உயர்த்தக்கூடியது. துயரில் இருந்த தந்தைக்கு ஆறுதல் தரக்கூடியது. ஆயினும் அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை இருள்வதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான பொய்யான சான்றையும் மறுப்பதே உண்மையின் இலக்கணம் என்பதை இதைவிட எவரால் கற்பிக்க முடியும்?

நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்திலோ அறிவியல் பாடத்திலோ விடை சற்றுப் பிசகி வரும்போது, எண்ணை மாற்றி எழுதிப் பொருத்தி விடாதீர்கள் என்று சொல்லிக்கொடுப்போம். ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்று அவர்கள் நம்மிடம் வந்தால், அதை அடக்கிவிடாமல் அவர்களோடு சேர்ந்து தேடுவோம். அளவில் நேர்மை என்பது கடைத் தராசுக்கு மட்டும் உரியதன்று. அறிவின் தராசுக்கும் உரியது.

பயனுள்ள கல்வியையும், உண்மையை உண்மையாகவே காணும் கண்களையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! ஆமீன்.